அண்ணன் யாரைச் சொன்னார்?

இந்த வேலைக்கு வந்த சில நாட்களிலேயே உங்களிடம் ஒருவர் வருவார். தோளில் கை போடுவார். டீ வாங்கித் தருவார். ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் மனசுல இன்னா இருக்குது?" என்று கேட்பார். நீங்கள் எந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக இருந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும் நாளில்தான் உங்கள் கையில் அதிகாரம் முதன்முதலாக ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கேள்வி நேரத்துக்குக் குறிப்பு தயாரிப்பது, அவசரத் தீர்மானத்துக்கு வாசகம் எழுதுவது, பேரவைச் செயலகத்தில் யாரிடம் எந்தக் கோப்பு இருக்கும் என்று தெரிந்துகொள்வது, இதையெல்லாம் நான் சொல்லித் தரப் போவதில்லை. இரண்டு கூட்டத்தொடர் போனால் கை தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது ஒரு பகல் பொழுதைப் பற்றி. செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் இருக்கும் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில், எங்கள் கட்சி தன் சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்த பகல்.

எங்களுடையது சிறிய எதிர்க்கட்சி. எல்லா உறுப்பினர்களையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம் என்று மற்ற கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தச் சட்டமன்றக் கட்சியின் தலைவருக்கு நான் நெடுங்காலம் உதவியாளராக இருந்தேன். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எனக்கும் அப்படியே. சொந்த ஊர் செஞ்சி. அவையில் பேச எழுந்தால் குரல் உயராது. ஆனால் ஆளுங்கட்சி வரிசையிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். காகிதத்தில் அவருக்காக நான் எழுதித் தரும் ஒவ்வொரு வரியையும் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். "இது உன் வார்த்தயா இருக்குது, எனக்கு வாயில நிக்கல" என்று அடித்துவிடுவார். கோபமாக அல்ல. சட்டை அளவு சரியில்லை என்று தையற்காரரிடம் சொல்வது போல.

நுரையீரல் தொற்று என்று சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறிவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு முட்டி, தொண்டையில் குழாய் செருகிவிட்டார்கள். அதன் பிறகு அவர் பேசவே இல்லை. ஆனால் கட்சித் தலைமையிலிருந்து அறிக்கை வந்துகொண்டே இருந்தது. தலைவர் தேறி வருகிறார், கட்சியினருடன் தொலைபேசியில் உரையாடுகிறார் என்று. தொண்டர்கள் கலங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அண்ணனின் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதிலிருந்து யாருக்கும் எந்த அழைப்பும் போகவில்லை. அந்த அறிக்கை பொய் என்று தெரிந்தவர்கள் மருத்துவர்கள், அவருடைய மனைவி, தலைமையில் ஓரிருவர், பிறகு நான். அடுத்த வாரம் அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் பேரவைச் செயலகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். கூட்டத்தொடர் தொடங்கப் போகிறது, உங்கள் கட்சிக்குப் புதிய தலைவர் யார் என்று எழுத்து மூலம் கொடுங்கள் என்று. அண்ணனின் படத்திறப்புக்கு உறுப்பினர்கள் எல்லோரும் செஞ்சிக்கு வருவார்கள், அன்றைக்கே மண்டபத்து மாடியில் கூட்டத்தையும் வைத்துவிடலாம் என்று தலைமை முடிவு செய்தது.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் சிவநேசன். ஆரணிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். பேச எழுந்தால் மைக் தேவைப்படாது. கோபக்காரர். தொகுதியில் ஒரு சாவு விடாமல் போய் நிற்பவர். இன்னொருவர் மரகதம். அப்போது கட்சியின் கொறடா. வல்லம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, செஞ்சி நீதிமன்றத்தில் வழக்காடி வந்தவர். மசோதாவை முழுதும் படித்துவிட்டு அவைக்கு வருபவர்கள் எங்கள் கட்சியில் இரண்டே பேர். ஒருவர் அண்ணன். மற்றவர் மரகதம் அக்கா. என் மனதில் யார் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

படத்திறப்பன்று காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி வலியால் அவரால் நெடுநேரம் நிற்க முடியாது.

"இன்னிக்கு மேல கூட்டம் போடறாங்களாமே" என்றார்.

"ஆமாம் அண்ணி."

"உன்னத்தான் கேப்பாங்க. கடைசி வரைக்கும் கூட இருந்தவன் நீதான். மரகதத்தத்தான் சொன்னாருன்னு சொல்லிடு."

நான் கையிலிருந்த காகிதக் கட்டை மறு கைக்கு மாற்றினேன்.

"இன்னாப்பா?"

"அண்ணன் அப்படி ஒண்ணும் சொல்லல அண்ணி."

"சொல்லியிருப்பாரு. உனக்குத்தான் கேட்டிருக்காது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மண்டபத்துக்கு நடந்தேன். அவர் கேட்டதில் கெடுதல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் தொல்லை. ஒரு நல்ல மனுஷிக்கு ஒரு நல்ல இடம் கிடைக்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரியைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். மறுத்துப் பேச வேண்டியவரோ மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறார்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தலைமையிலிருந்து வர வேண்டிய பார்வையாளரின் கார் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டது. படத்திறப்பு முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் மாடியில் காத்துக் கிடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ராஜாக்கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள்.

சிவநேசனுக்கு வேண்டியவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "அண்ணன் எதனா சொல்லிட்டுப் போனாராப்பா?" என்றார். மரகதம் அக்காவுக்கு வேண்டியவர் நேராகவே வந்தார். "நீ வாயத் தொறந்தா போதும். மீதிய நாங்க பாத்துக்கறோம்." இருவரிடமும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். எதுவும் சொல்லவில்லை என்று. இருவருமே நம்பவில்லை. நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று இருவரும் முடிவு கட்டிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

பார்வையாளர் வந்தார். வழக்கறிஞர், வயதானவர், களைத்திருந்தார். இருட்டுவதற்குள் சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே இருந்தது. கீழே தொலைக்காட்சிக்காரர்கள் நிற்கிறார்கள், ஒருமனதாக முடிந்தால் கட்சிக்கு மரியாதை என்றார். நான் ஓரத்தில் சிறு மேசை போட்டு, கூட்ட நடவடிக்கையை எழுத உட்கார்ந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் வாய் திறப்பது வழக்கமில்லை.

முதலில் இரங்கல் பேச்சு. பிறகு எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் எழுந்தார். அவர் பெயர் வேண்டாம். இன்றும் எனக்கு வேண்டியவர்தான். எழுந்தவுடனேயே அழுதுவிட்டார்.

"அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. கொரலு ரொம்ப மெல்லமா இருந்துச்சு. 'எனக்கு அப்புறம் சிவநேசன்தாம்ப்பா, நீங்கல்லாம் கூட இருங்க'ன்னாரு. இத்தன நாளு நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தேன். இன்னிக்குச் சொல்லாம எப்பிடி இருக்கறது?"

கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் அண்ணன் படம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மரகதம் அக்காவின் பக்கம் இருந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இறந்தவரின் வார்த்தையை எதிர்த்து யார் எழுந்து பேசுவது? பார்வையாளருக்குப் பாரம் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க. மறைந்த தலைவரின் விருப்பப்படி, சட்டமன்றக் கட்சித் தலைவராகத் திரு. சிவநேசன் ஒருமனதாகத் தேர்வு செய்யப்படுகிறார்" என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். 'மறைந்த' என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை.

அந்த நேரத்தில் பெரிய நியாயம் எதுவும் என் தலைக்குள் ஓடவில்லை என்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஓடியது இவ்வளவுதான்: இதை எழுதினால் இது என் கையெழுத்தில் இருக்கும். எழுத மறுத்தால், தலைமை விட்ட அறிக்கையை நான் பொய்யாக்க வேண்டியிருக்கும். வேலை போகும். மகளுக்கு அப்போதுதான் கல்லூரி தொடங்கியிருந்தது. இன்னொன்றும் ஓடியது. நான் வாய் திறந்தால் மரகதம் அக்காவுக்காகத்தான் திறந்தேன் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

"இன்னா, எழுதியாச்சா?" என்றார் பார்வையாளர்.

எழுந்து நின்றேன். "அய்யா, அந்த மொதல் வார்த்தைங்கள என்னால எழுத முடியாதுங்க. மத்தத நீங்க சொன்னா எழுதறேன்."

"எந்த வார்த்தை?"

"தலைவரின் விருப்பப்படிங்கறது. அந்த ஞாயித்துக்கெழம அண்ணனால பேச முடியலைங்க. வெள்ளிக்கெழமயே தொண்டையில கொழாய் வெச்சிட்டாங்க. போனும் எங்கிட்டதான் இருந்துச்சு."

அழுத உறுப்பினரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "ஒரு உதவியாளன் என்னப் பொய்யன்னு சொல்றான். நீங்கல்லாம் கேட்டுக்கினு இருக்கீங்க!"

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலைங்க. அவரால அன்னிக்குப் பேச முடியலன்னு மட்டும்தாங்க சொல்றேன்."

பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தொலைபேசியில் பேசினார்னு தலைமை அறிக்கை இருக்குதே?"

"அத நான் எழுதலைங்க."

அவருக்கு விஷயம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்த ஓரிருவரில் அவரும் ஒருவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இது வரைக்கும் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, தைரியமாகத்தான் பேசியிருக்கிறார்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இது வரைக்கும் சுலபம். ஒரு பொய்க்கு எதிராக எழுந்து நின்றுவிட்டால் கால்கள் தாமாகவே தாங்கிக்கொள்ளும். கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது.

மரகதம் அக்காவின் ஆதரவாளர் துள்ளி எழுந்தார். "அப்ப அண்ணன் சொன்னது யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். சைகையிலயாச்சும் காட்டியிருப்பாரு இல்ல? பயப்படாம சொல்லுப்பா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்பு உண்மை பேசியவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இப்போது எதைச் சொன்னாலும் நம்புவார்கள். மரகதம் அக்காவும் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும் இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சியைப் பார்ப்பது போல.

"யாரையும் சொல்லலைங்க" என்றேன். "சைகையிலயும் சொல்லல. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடியும் சொல்லல."

அக்கா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போது நாங்கள் யாருமே எதிர்பாராத ஒன்று நடந்தது. சிவநேசன் எழுந்தார். அவருடைய கோபம் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அது அன்று என் மேல் திரும்பவில்லை. அழுத உறுப்பினரைப் பார்த்துக் கத்தினார். "எனக்காகப் பேசறேன்னு இனிமே எவனும் செத்தவர எழுப்பிக்கினு வராதீங்க! நாளைக்கு அவையில நான் எழுந்து நின்னா, எவன்னா ஒருத்தன் கேப்பான், அண்ணன் சொல்லித்தானே நீ வந்தேன்னு. எனக்கு அது வேணாம். ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதிப் போடுங்க. எனக்கு வந்தா வருது. மரகதத்துக்கு வந்தா, நானே மொதல்ல கை தட்டறேன்."

பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளைத் தாள்களைக் கிழித்தேன். சீட்டுப் போட எதுவும் இல்லை. கீழே சமையற்கட்டுக்கு ஆள் அனுப்பி, கழுவிக் கவிழ்த்திருந்த சாம்பார் வாளியை வாங்கி வந்தோம். வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கோயில் உண்டியலில் காசு போடுவது போல வாளிக்குள் கையை விட்டுச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

சிவநேசன் ஜெயித்தார். சொற்ப வித்தியாசம்.

மரகதம் அக்காதான் முதலில் எழுந்து போய் அவருக்குத் துண்டு போர்த்தினார். அவர் அதை வாங்கித் திருப்பி அக்காவுக்கே போர்த்தினார். அந்தப் படம்தான் அன்று மாலை எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. ஒற்றுமை என்று எழுதினார்கள். நான் நடவடிக்கைத் தாளில் 'வாக்கெடுப்பின் மூலம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் அக்கா எனக்காக நின்றிருந்தார். டிரைவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"நீ பொய் சொல்லணும்னு நான் எதிர்பாக்கல."

"தெரியும்க்கா."

"ஆனா 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? அவ்ளோதான் வேணும். மீதிய அவங்களே நெனச்சிக்கினு இருந்திருப்பாங்க. 'யாரையும் சொல்லல'ன்னு நீ கதவச் சாத்திட்ட. யாருமே கேக்காம சாத்திட்ட."

"கேட்டாங்களேக்கா."

"இன்னா கேட்டாங்கன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." மண்டபத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "இது கட்டறதுக்கு முன்னாடி பயிர் வெக்கற கொல்லியா இருந்துச்சு. எங்கம்மா இங்க கூலிக்கு மல்லாட்டச் செடி புடுங்க வந்திருக்குது. நான் வரப்புல உக்காந்து புத்தகம் படிப்பேன். இன்னிக்கு இதே எடத்துல... சரி வுடு." காரில் ஏறிக்கொண்டார்.

அவர் கேட்டதற்கு இன்று வரை என்னிடம் முழுதான பதில் இல்லை. தெரியாது என்று சொல்வதும் பொய்தான், எனக்குத் தெரியும் என்பதால். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையில் இருந்த மற்ற எல்லோரும் காலம் காலமாக ஏதோ ஒரு சின்ன வளைவினால் பலன் அடைந்தவர்கள். அக்காவின் முறை வந்தபோதுதான் கோடு நேராக இருக்க வேண்டியிருந்ததா? அடுத்த தேர்தலில் அவர் தோற்றுப் போனார். தலைவராகும் வாய்ப்பு மறுபடி வரவில்லை. இப்போதும் செஞ்சி நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் பார்த்தால் எனக்கும் சேர்த்துத்தான் டீ சொல்வார். ஆனால் அந்தப் பேச்சு வந்தால், "நீ அன்னிக்கு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். நானும் முடிக்கச் சொல்வதில்லை.

சிவநேசன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லித் தலைமையிலிருந்து வந்த போனுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நல்ல தலைவராக இருந்தாரா என்றால், சுமார்தான். மசோதாவைக் கடைசிப் பக்கம் வரை படிக்க அவரைக் கடைசி வரை பழக்க முடியவில்லை. ஆனால் ஆளுங்கட்சியில் ஒருவர், "உங்க அண்ணன் போட்ட பிச்சைதானே இந்த நாற்காலி" என்று அவையில் குத்தலாகக் கேட்டபோது, "சீட்டுப் போட்டு எண்ணிக் கொடுத்த நாற்காலி. உங்க கட்சியில அப்பிடி ஒண்ணு இருந்தா காட்டுங்க" என்றார்.

அழுத உறுப்பினரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் கழித்து அவரே வந்தார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு ஒருமுறை, சிவநேசன் நன்றாகப் பேசினான் என்று போனில் அவரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன பிறகு அந்தப் பேச்சையே திரும்பத் திரும்ப நினைத்து நினைத்து, அது அவருக்குள் வளர்ந்துவிட்டிருக்கிறது. "கூட்டத்துல எழுந்தப்ப எனக்கு அது நடந்த மாதிரியேதான் இருந்துச்சு" என்றார். நம்பினேன். பெரியவர்களின் வார்த்தை அவர்கள் போன பிறகு அப்படித்தான் வளரும். வளர விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது, கூட இருந்த நம்மைப் போன்றவர்கள்தான். சம்பளப் பட்டியலில் இந்த வேலைக்குத் தனி வரி கிடையாது.

அன்று மாலைக்கு வருகிறேன். எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலையில் கேட்டதைச் செய்யாமல் போய் நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணி அதே நாற்காலியில் இருந்தார். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"சாப்டியா?" என்றார்.

"ஆச்சு அண்ணி." கிட்டே போய், "என்னால சொல்ல முடியல" என்றேன்.

"தெரியும். அவரு யாரையும் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "உள்ள வுட்டாங்களே, அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு. நான் போனப்பல்லாம் கண்ண மூடிக்கினே இருந்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. மரகதத்தச் சொன்னாரோ, சிவநேசனச் சொன்னாரோ, யாரோ ஒருத்தர் கிட்ட எதையோ ஒண்ணு சொல்லிட்டுப் போயிருந்தாருன்னா தேவலாம்னு இருந்துச்சு. ஒண்ணுமே சொல்லாம எப்பிடிப்பா போவாங்க?"

காலையில் அவர் என்னிடம் கேட்டது கட்சிக்காக அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேட்டாரு அண்ணி. வார்த்தையில இல்ல, கையால. செவ்வாக்கெழம காலையில, எனக்குக் குடுத்த அஞ்சு நிமிஷத்துல. ஏ.சி.ய காட்டி, கொறைக்கச் சொன்னாரு. கொறைச்சேன். இன்னும் கொறைன்னாரு. அப்பறம் நிறுத்தியே வுட்டேன். செரின்னு தலைய ஆட்டினாரு. கடைசியா அவரு கேட்டது அதான்."

அண்ணியின் உதடு கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"வூட்லயும் எப்பவும் அந்தச் சண்டதான்" என்றார். "நான் போடுவேன், அவரு நிறுத்துவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எந்தக் கையால காட்டினாரு?" என்று கேட்டார். வலது கை என்றேன். எப்படி என்று கேட்டார். காட்டினேன். மறுபடியும் ஒருமுறை காட்டச் சொன்னார்.